வண்டி நிக்கு

1945 ஜனவரி 9, செவ்வாய்

இன்று வண்டியை மாடு கட்டி இழுத்துப் போனோம். முத்தையாபுரத்திலிருந்து கடற்கரை வரை முன்னால் இரண்டு உப்பு வண்டி மாடுகள், பின்னால் கயிற்றில் என் பிக்கப், உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நான். மாடு நின்றால் வண்டி நிற்காது, போய் மாட்டின் வாலில் இடிக்கும். மாட்டுக்காரர் திரும்பித் திரும்பி என்னை வைதார். "என்ன செந்தில்வேலு அண்ணாச்சி, பெட்ரோல் கூப்பன் தீந்துட்டா? புல்லுக்கட்டுல ஓட்டுதீரா?" என்று டீக்கடையிலிருந்து ஒரு குரல். நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்ய.

மரியானின் ஓலைக் கொட்டகையில் கொண்டுபோய் விட்டேன். கீழவைப்பார்க்காரன், என் வயதுதான் இருக்கும். துறைமுகத்தில் லாஞ்சுப் படகு என்ஜின் பார்த்தவன், இப்போது தனியாகத் தொழில் செய்கிறான்.

"என்ன செய்யணும் அண்ணாச்சி?"

"நிக்கணும்."

"அவ்வளவுதானா?"

"ஏத்தத்துல, முழுப் பாரத்தோட, கட்டை போடாம நிக்கணும்."

அவன் குனிந்து பின் சக்கரத்தைப் பார்த்தான். ஏன் என்று கேட்கவில்லை. ஊருக்கே தெரிந்த கதை, அவனுக்குத் தெரியாமலா இருக்கும்.

இந்த நோட்டு என் பெண்டாட்டி செல்லக்கனி வாங்கி வைத்தது. "வாயாலதான் பேச மாட்டீங்க, கையாலயாவது பேசுங்க" என்று போன ஆவணியில் கையில் தந்தாள். ஐந்து மாதம் வெறும் நோட்டாகக் கிடந்தது. இன்றுதான் முதல் பக்கம். படிக்க அவள் இல்லை.

ஜனவரி 11

மரியான் பின் சக்கரங்களைக் கழற்றிவிட்டான். பிரேக் டிரம்மைத் திறந்ததும் கறுப்பாக எண்ணெய் ஒழுகிற்று. பிரேக்குப் பட்டை எண்ணெயில் ஊறிக் கிடந்தது. விரலால் தொட்டு என் மூக்குக்குக் கீழே நீட்டினான்.

"பிரேக்குல குத்தமில்ல அண்ணாச்சி. ஆக்சில்ல குத்தம். பேரிங் தேஞ்சுபோய் ஆக்சில் உள்ளுக்குள்ளேயே ஆடுது. ஆடுனா எண்ணெய் கசியத்தான செய்யும்? எண்ணெயில ஊறுன பட்டை எங்கன போய்ப் பிடிக்கும்?"

மூன்று வருஷமாக நான் பிரேக்குக் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தேன். பிடிக்கவில்லையா, இன்னும் ஒரு முறுக்கு. அதற்கும் பிடிக்கவில்லையா, வண்டியைத் திட்டு. நோவு ஒரு பக்கம் இருக்க, சூடு ஒரு பக்கம் போட்டவன் நான். சக்கரத்தைக் கழற்றிப் பார்க்க ஒரு நாள் ஆகும். ஒரு நாள் வண்டி ஓடாமல் இருக்க எனக்கு மனசு வரவில்லை.

முறுக்கி முறுக்கிப் பிடிக்காமல் போனதற்குத்தான் கட்டை. உடைமரத்தில் வெட்டின முக்கோணக் கட்டை, தூக்குவதற்குச் செல்லக்கனியே நார்க்கயிறு கட்டியிருந்தாள். வண்டி மெதுவாகிறது என்றால் இடது கதவைத் திறந்து குதித்துவிடுவாள். ஓடிப்போய்ப் பின் சக்கரத்தில் கட்டையைக் கொடுத்துவிட்டு "போட்டாச்சு!" என்று ஒரு சத்தம். அதற்கப்புறம்தான் நான் பிரேக்கிலிருந்து காலை எடுப்பேன். ஏரல் சந்தையில் பிள்ளைகள் எல்லாம் அவள் பின்னால் நின்று சேர்ந்து கத்தும், "போட்டாச்சு!" அவளும் சிரிப்பாள். இரண்டு வருஷமாக அந்த வண்டியை நிறுத்தினது நான் இல்லை.

ஜனவரி 14, ஞாயிறு

பொங்கல். வைத்தேன். அடிப்பிடித்துவிட்டது. சூரியனுக்குக் காட்டிவிட்டு மாட்டுக்குப் போட்டேன், அதுவும் யோசித்துத்தான் தின்றது.

விட்டத்தில் அவள் பாதி முடைந்த பனையோலைக் கொட்டான் தொங்குகிறது. பச்சை ஓலை காய்ந்து வெளுத்துவிட்டது. எடுத்து உள்ளே வைக்கலாம் என்று கையை நீட்டினேன். அவள் விட்ட இடத்தில் ஓலை நுனிகள் மடங்காமல் விரிந்து நின்றன. எடுக்கவில்லை.

ஜனவரி 17

எழுதிவிடுகிறேன். எழுதினால் தூக்கம் வருமோ என்னவோ.

நவம்பர் 23. நாசரேத் பக்கம் கருப்பட்டி ஏற்றிக்கொண்டு திரும்புகிறோம். மழை. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுப் பாலத்துக்கு ஏறுகிற தென்கால் வாய்க்கால் கரை ஏற்றம், செம்மண் சேறு. பாதி ஏற்றத்தில் என்ஜின் நின்றுவிட்டது. பிரேக்கை மிதித்தேன். மிதித்த காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது. பின்னால் வளைவு, வளைவுக்குக் கீழே கால்வாய் நிறையத் தண்ணீர்.

அவள் குதித்துவிட்டாள். கட்டையைக் கொடுத்தாள். சேற்றில் கட்டை வழுக்கிப் பின்னால் போயிற்று. மறுபடி கொடுத்தாள், கையாலேயே அழுத்திப் பிடித்தாள். நான் உள்ளே இருந்து திரும்பிப் பார்த்துக் கத்தினேன்:

"ஏளா, கட்டைய விட்டுராத!"

அதைத்தான் கத்தினேன். கையை எடு என்று கத்தவில்லை.

அவள் விடவில்லை. வண்டி நின்றது. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடு விரலும் போயிற்று.

ஜனவரி 18

தூக்கம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் இருபது நாள். தினமும் போய்ப் பக்கத்தில் உட்காருவேன். என்ன பேசினேன்? பட்டை மாத்தணும், கம்பி மாத்தணும், மதுரையில் கேட்டுப் பார்க்கணும். இதேதான். அவள் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். நான் சுவரைப் பார்த்துப் பேசுவேன். நாசரேத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அவள் அண்ணன் ஆவுடையப்பன் மச்சான் வந்து கூட்டிக்கொண்டு போனார். கிளம்பும்போது, "பிரேக்கு சரியாகட்டும். சொல்லிவிடுங்க, வாரேன்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ரயிலேறிப் போனேன். மச்சான் காப்பி கொடுத்தார். அவள் உள்ளே இருந்தாள், வெளியே வரவில்லை. "இப்பம் நீரு கூட்டிட்டுப் போனா திரும்பவும் கட்டைதான போடுவா மாப்பிள்ளை? அவளா வரட்டும்" என்றார் மச்சான். நியாயம்தான். காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 23

பேரிங் கிடைக்கவில்லை. தூத்துக்குடியில் கேட்காத கடை இல்லை. மதுரைக்கு எழுதிப் போட்டதற்கு ஒரே வரியில் பதில்: சண்டை முடியட்டும். ஹிட்லர் சாகும்வரை என் பெண்டாட்டி நாசரேத்தில் இருக்க வேண்டுமாம்.

மரியான் சொன்னான், "கொழும்புல எஸ்டேட்டு லாரிக உடைச்சுப் போட்டது கெடக்கும் அண்ணாச்சி. என் தம்பி தோணியில போறான். மாதிரிக்குப் பழச கொடுத்து விடுவோம்." தேய்ந்த பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவித் துணியில் சுற்றிக் கொடுத்தோம்.

ஜனவரி 30

தோணி போய் ஐந்து நாள். இத்தனை வருஷம் இந்தக் கடலை நான் நின்று பார்த்ததே இல்லை. உப்பு ஏற்றுகிறவனுக்குக் கடல் என்றால் பாத்தியில் கட்டுகிற தண்ணீர்தான். இப்போது சாயங்காலம் ஆனால் கால் தானாக அங்கே போகிறது. தெரிகிற பாயெல்லாம் மரியானின் தம்பி பாயாகத் தெரிகிறது.

அவள் ஒரு தடவை கேட்டாள், "கொழும்பு எந்தப் பக்கம்?" என்று. நான் வண்டிக்கு அடியில் படுத்துக் கம்பி முறுக்கிக்கொண்டிருந்தேன். "அங்கன" என்று காலால் காட்டினேன். ஏன் எழுந்து வந்து கையால் காட்டவில்லை?

பிப்ரவரி 3, சனி

இன்று எஸ்றா சார் வந்திருந்தார். நாசரேத்தில் வாத்தியார். மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூடத்துக்குக் காகிதம், சாக்குக்கட்டி வாங்க இங்கே வருவார். மச்சான் கடைக்கு அடுத்த வீடு. சொன்ன வார்த்தையை வேதவசனம் மாதிரி எழுத்துப் பிசகாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பார். அதில் அவருக்குப் பெருமையும் உண்டு.

"செல்லக்கனி அம்மா சுகமாக இருக்கிறார்கள். இடது கையால் எழுதப் பழகுகிறார்கள். உம்முடைய வண்டியைப் பிரித்துப் போட்டிருக்கிறதாகச் சொன்னேன்."

"என்ன சொன்னா?"

"எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார்கள். தெரியாது என்றேன்."

கேட்டிருக்கிறாள்! எத்தனை நாள் ஆகும் என்று கேட்டிருக்கிறாள். எஸ்றா சாருக்கு இரண்டு வடை வாங்கிக் கொடுத்தேன்.

கடிதம் எழுதலாம். ஆனால் வீட்டுக்கு வருகிற கடிதத்தை மச்சான்தான் உடைத்து உரக்கப் படிப்பார், கடையில் நிற்கிறவனெல்லாம் கேட்பான். என் மனசு என்ன நாலணாச் சரக்கா, கல்லாவில் வைத்துப் பிரிக்க?

பிப்ரவரி 10

தோணி வரவில்லை.

பிப்ரவரி 14

தோணி வரவில்லை. மரியான் நெற்றியில் சாம்பலோடு வந்தான், அவர்களுக்கு இன்று ஈஸ்டர் வரைக்கும் கறி தின்னாத தபசு காலம் தொடக்கம். "வரும் அண்ணாச்சி. காத்து மாறியிருக்கு" என்றான். தம்பி போன தோணியைப் பற்றி அவனுக்குக் கவலை இருக்காதா? நான் பேரிங்கைப் பற்றி மட்டுமே கேட்டேன். பிறகு வெட்கமாக இருந்தது. எனக்கு இது வழக்கமாகப் போய்விட்டது, மனுஷர்களைக் கேட்க வேண்டிய இடத்தில் சாமானைக் கேட்பது.

பிப்ரவரி 19, திங்கள்

வந்துவிட்டது! தம்பியும் சுகம். பேரிங்கும் சுகம். ஜோடியாக இரண்டு, கிரீஸில் மூழ்கி, கொழும்புச் செய்தித்தாளில் சுற்றி. இந்தத் தடவை தம்பியை முதலில் விசாரித்தேன்.

பிப்ரவரி 26

ஒரு வாரமாகக் கொட்டகையிலேயே கிடக்கிறேன். மரியான் ஒரு வேலையை இரண்டு தடவை செய்கிறவன். பேரிங்கை மாட்டி, ஆக்சிலைக் கையால் சுற்றிவிட்டு, ஒரு கம்பியை அதன்மேல் வைத்து மறுமுனையைக் காதில் வைத்துக்கொண்டு மூச்சை அடக்கிக் கேட்கிறான். முத்துக் குளித்த வம்சம், மூச்சுக்குப் பஞ்சமில்லை. நான் மூச்சு விட்டதற்குக்கூட "உஷ்" என்றான்.

எண்ணெய் கசியாமல் இருக்க ஆக்சிலைச் சுற்றித் தோல் வளையம். செருப்புத் தைக்கிறவரிடம் வெட்டி வாங்கி, ஆட்டுக் கொழுப்பில் ஊறப் போட்டான். "தபசு காலத்துல கொழுப்பத் தொடலாமாடா?" என்றேன். "தின்னத்தான் கூடாது அண்ணாச்சி, தடவலாம்" என்றான்.

பிரேக்குப் பட்டை பழைய கிரேனில் கழித்துப் போட்டது. கப்பல் சரக்கைத் தூக்கி நிறுத்தின பட்டை, என் கருப்பட்டியை நிறுத்தாதா? அளந்து வெட்டி, துளை போட்டு, செப்பு ஆணி வைத்து அறைந்தோம். ஒரு ஆணியை நான் அடித்தேன். கோணலாகப் போயிற்று. பேசாமல் பிடுங்கி எறிந்துவிட்டு அவனே அடித்தான்.

மார்ச் 3, சனி

நிற்கிறது.

கூட்ஸ் ஷெட்டு ஏற்றத்தில் பன்னிரண்டு மூட்டை உப்போடு ஏறி, பாதியில் என்ஜினை அணைத்தேன். மிதித்தேன். நின்றது. கைப்பிரேக்கை இழுத்துவிட்டுக் காலை எடுத்தேன். நின்றது. இறங்கிப் பின்னால் போனேன். மரியான் வண்டிக்குப் பின்னால் நின்று கையைத் தூக்கிக்கொண்டு கத்துகிறான், "நிக்கு அண்ணாச்சி! நிக்கு! மாதாவே, நிக்கு!" டிரம்மைத் தொட்டுப் பார்த்தோம், ஒரு சொட்டு எண்ணெய் இல்லை.

சனிக்கிழமை, எஸ்றா சார் வந்திருப்பார் என்று அப்போதுதான் உறைத்தது. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். எஸ்றா சார் காகிதக் கட்டோடு ரயிலில் ஏறிவிட்டார், ஜன்னலைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன சொல்ல வேண்டும்?" என்றார்.

"வண்டி நிக்குன்னு சொல்லுங்க."

"வண்டி நிக்கு."

"ஆமா. அது போதும். அவளுக்குத் தெரியும்."

"வண்டி நிக்கு, வண்டி நிக்கு" என்று இரண்டு தடவை சொல்லி மனசில் ஏற்றிக்கொண்டார். ரயில் கிளம்பிவிட்டது. எனக்கு மூச்சு வாங்கியது. இப்படி நான் ஓடி அவள் பார்த்ததே இல்லை.

மார்ச் 6

வீட்டைக் கழுவினேன். வண்டியில் இடது பக்க இருக்கைக்குப் புதிதாகத் தேங்காய் நார் அடைத்துத் தைத்தேன். செவ்வாய்க்கிழமை கிளம்பமாட்டாள். நாளை வருவாள்.

மார்ச் 9

வரவில்லை. வெள்ளிக்கிழமை பார்த்துக் கிளம்பலாம் என்று இருந்திருப்பாள். அப்படியானால் இன்று ராத்திரி ரயில்.

மார்ச் 10

ஸ்டேஷனில் மூன்று ரயில் பார்த்தேன். போர்ட்டர் என்னைக் கேட்டான், "யாரைத் தேடுதீங்க?" யாருமில்லை என்றேன்.

மார்ச் 16

கருப்பட்டி வர ஆரம்பித்துவிட்டது. ஓட்டுகிறேன். எங்கே நிறுத்தினாலும் நிற்கிறது. நிறுத்திவிட்டுச் சும்மா ஒரு நிமிஷம் காலை பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். "போட்டாச்சு" என்று கேட்டால்தான் எடுக்க வேண்டும் என்று கால் நினைக்கிறது.

மார்ச் 24, சனி

எஸ்றா சார் வந்தார். ஸ்டேஷன் வாசலில் நின்று பேசினோம். நானே கேட்கட்டும் என்று காத்திருந்தார்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன். 'வண்டி நிக்கு' என்றேன். நீர் சொன்னபடி, ஒரு எழுத்துக் கூடவுமில்லை, குறையவுமில்லை."

"அதுக்கு?"

அவர் கண்ணை மூடி ஞாபகப்படுத்திக்கொண்டார். "'சரி, நிக்கட்டும். உடம்பப் பாத்துக்கிடச் சொல்லுங்க' என்றார்கள்."

"வேற?"

"உள்ளே போய்விட்டார்கள்."

மார்ச் 24, மறுபடியும்

நிக்கட்டுமாம்.

நிக்கட்டுமாம்லா! நாலு மாசமா நாய் மாதிரி அலைஞ்சேன். கொழும்புலேருந்து பேரிங்கு வந்திருக்கு. கிரேன் பட்டை. ஆட்டுக் கொழுப்பு. நிக்கட்டுமாம். நின்னா எனக்கென்ன, நிக்காட்டா எனக்கென்னன்னு... உடம்பப் பாத்துக்கிடணுமாம். எதுக்கு? யாருக்கு?

சரி. எனக்கு வேண்டும். கட்டையை விடாதே என்று கத்தினவனுக்கு இதுவே அதிகம். அவள் இருபது நாள் ஆஸ்பத்திரியில் அதைத்தான் நினைத்துக்கொண்டு படுத்திருப்பாள். பிரேக்கு சரியாகிவிட்டால் அந்தச் சத்தம் இல்லாமல் போய்விடுமா?

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அவ்வளவுதான்.

மார்ச் 28

இன்று நான்கு நடை. எல்லா இடத்திலும் நின்றது.

ஏப்ரல் 1, ஞாயிறு

மரியான் வீட்டில் ஈஸ்டர் சாப்பாடு. ஆட்டுக்கறி. "இப்பம் தின்னலாம்" என்று அவனே எடுத்து வைத்தான். அவன் வீட்டம்மா கேட்டாள், "அக்கா எப்பம் வாராங்க?" வரும் வரும் என்றேன். வாயில் சோறு இருந்தது, பொய்க்கு வசதி.

வெளியே வந்ததும் மரியான் விடவில்லை. சொல்லிவிட்டேன், எஸ்றா சார் கொண்டுவந்த பதில் வரைக்கும். அவன் பல் குத்தின குச்சியை எறிந்துவிட்டுச் சொன்னான்.

"எங்க முத்துப் பார்ல, கடலடிப் பாறையில, சிப்பி இல்ல, முத்துக்குளிப்பு நடந்து பதினேழு வருஷமாச்சு. இருந்தாலும் சர்க்கார்ல ஆள் விட்டு முங்கிப் பாக்கத்தான் செய்யுதாங்க. கரையில நின்னு யாராவது சொல்லக் கேட்டுட்டு, சிப்பி இல்லன்னு எழுதிக்கிட மாட்டாங்க. நீரு போய்ப் பாத்தீரா?"

"டிசம்பர்ல போனேனே."

"அப்பம் வண்டி நிக்காதுல்லா?"

போகலாம்தான். அவள் திரும்பவும் உள்ளேயே இருந்துவிட்டால்? சொல்லியனுப்பின பதிலைவிட மூடின கதவு கஷ்டம். டிசம்பரில் அதை ஒரு தடவை பார்த்தாயிற்று.

ஏப்ரல் 5

நேற்று ஸ்ரீவைகுண்டம் வரை நடை. சரக்கை இறக்கிவிட்டு அணைக்கட்டுப் பாலத்தின் இந்தக் கரையில் வண்டியை நிறுத்தி, அந்தக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாலத்தைக் கடந்தால் நாசரேத்துக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 10, செவ்வாய்

முறையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் பெரிய கடைத்தெருவில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். எதிரே ஆவுடையப்பன் மச்சான். சரக்கு எடுக்க வந்திருக்கிறார், கையில் ஒரு கொட்டான். என்னைப் பார்க்கவில்லை, வண்டியைப் பார்த்தபடி நடுத்தெருவில் நின்றுவிட்டார்.

"மாப்பிள்ளை, இது நம்ம வண்டிதான?"

"ஆமா மச்சான்."

"ஓடுதே!"

"ஓடாம?"

"நிக்குன்னுல்லா சொல்லிவிட்டீரு!"

"ஆமா, நிக்கு. நல்லா நிக்கு."

"ஓடுதுங்கேன், நிக்குங்கீரு. உமக்கு என்ன, கோட்டி பிடிச்சிருக்கா?"

நான் அவரைப் பார்க்க, அவர் என்னைப் பார்க்க, பின்னால் மாட்டு வண்டிக்காரன் வழி விடச் சொல்லிக் கத்த, எனக்கு அப்போதுதான் விளங்கியது.

பிரித்துப் போட்ட வண்டி என்று பிப்ரவரியில் கேள்விப்பட்டவளுக்கு மார்ச்சில் போய் "வண்டி நிக்கு" என்று சொன்னால் என்ன நினைப்பாள்? ஓடாமல் நிற்கிறது என்று நினைப்பாள். வண்டி படுத்துவிட்டது, தொழில் படுத்துவிட்டது, மனுஷன் சும்மா இருக்கிறான் என்று நினைப்பாள். எஸ்றா சார் ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை. பிசகியிருந்தால் தப்பித்திருப்பேன்.

"ஒரு மாசமா தங்கச்சிக்குச் சோறு இறங்கல" என்றார் மச்சான். "நான்தான் கேட்டேன், போறியா தாயின்னு. 'இப்பம் போனா அவருக்கு வெக்கமா இருக்கும்ண்ணே. வண்டி கொஞ்ச நாள் நிக்கட்டும், அவரு நிமிந்து வரட்டும்'னுட்டா. இத உம்ம கையில கொடுக்கச் சொன்னா."

கொட்டானை நீட்டினார். உள்ளே சில்லுக்கருப்பட்டி. கொட்டான் ஒரு பக்கம் உயர்ந்து ஒரு பக்கம் தாழ்ந்து இருந்தது, விளிம்பு நெளிந்திருந்தது. இடது கையும் மூன்று விரலும் முடைந்த கொட்டான்.

கடைத்தெருவில் நின்று அழுதேன். மச்சான் என் முன்னால் வந்து நின்று மறைத்துக்கொண்டார்.

ஏப்ரல் 12, வியாழன்

நேற்று விடியற்காலையில் மச்சானை ஏற்றிக்கொண்டு நாசரேத் போனேன். வண்டிச் சத்தம் கேட்டே வாசலுக்கு வந்துவிட்டாள். இளைத்திருக்கிறாள். முந்தானையில் கையை மூடியிருந்தாள். "ஓடுது?" என்றாள். "நிக்கவும் செய்யும்" என்றேன். அவளுக்கும் அப்போது புரிந்துவிட்டது, தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். மூடின கை அப்போது வெளியே வந்தது. உடனே உள்ளே போய்விட்டது.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். தென்கால் கரை ஏற்றம் வந்தது. பாதி ஏற்றத்தில், "நிறுத்துங்க" என்றாள்.

நிறுத்தினேன். என்ஜினை அணைத்தேன். கைப்பிரேக்கை இழுத்தேன். பின்னால் அதே வளைவு, கீழே கால்வாய். அவள் கை கதவுப் பிடிக்குப் போயிற்று, பழக்கம். பிறகு எடுத்துக்கொண்டாள்.

"கட்டை இல்லாம நிக்கும்?"

"நிக்கும்."

"அப்பம் நீங்க இறங்கிப் பின்னால போங்க."

இறங்கிப் போனேன். இடது பின் சக்கரத்துக்குப் பின்னால், அவள் அன்று இருந்த இடத்தில், மண்ணில் முழங்காலிட்டேன். அவள் கேட்டது பின்னால் போகத்தான். கையை வை என்று அவள் சொல்லவில்லை. நானாகத்தான் வலது கையை டயருக்கு அடியில் தரையோடு வைத்தேன். டயர் சூடாக இருந்தது. மரியான் அடித்த செப்பு ஆணி ஒவ்வொன்றும் ஞாபகம் வந்தது.

"போட்டாச்சு!" என்றேன்.

கதவு திறந்தது. வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். "எந்திங்க, போதும்" என்றாள்.

அப்போதுதான் சொன்னேன். "அன்னைக்கு நான் கட்டைய விட்டுராதன்னு கத்தினேன். கைய எடுன்னு கத்தல, ஏளா."

"கத்தினீங்களா? அந்த மழையில எனக்கு ஒண்ணும் கேக்கல."

"கேக்கலயா?"

"நீங்க சொல்லியா நான் பிடிச்சேன்? விட்டா வண்டி வாய்க்காலுக்குள்ளல்லா போயிரும். நீங்க உள்ள இருந்தீங்க."

ஐந்து மாதம் நான் சுமந்தது ஒரு சத்தத்தை. அது அவள் காதில் விழவே இல்லை.

"அப்பம் ஏன் போன? நான் வந்தப்பம் ஏன் வெளியே வரல?"

அவள் அழுதாள். "இருவது நாளு பிரேக்கு, பிரேக்குன்னீங்க. ஒரு நாளு என் கையப் பாத்தீங்களா? பாக்க அருவருப்பா இருக்கும்போலன்னு நெனச்சேன். வண்டி சரியாகட்டும், அப்பமாவது வேற பேச்சு வரும்னு போனேன்."

முந்தானையை விலக்கிக் கையைப் பார்த்தேன். முதல் தடவையாகப் பார்த்தேன். பொருந்தி ஆறியிருக்கிறது. தையல் போட்ட இடம் வெள்ளையாக இருக்கிறது. ஓலை கிழித்த புதுக் காயம் கட்டை விரலில். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம் அந்தக் கையை. என் பெண்டாட்டி கை.

எதிரே வந்த மாட்டு வண்டிக்காரர், "என்ன அண்ணாச்சி, வண்டி நின்னுட்டா? தள்ளணுமா?" என்றார். அவள்தான் பதில் சொன்னாள், "நிக்கல அண்ணாச்சி, நிறுத்தியிருக்கு" என்று.

ஏப்ரல் 15, ஞாயிறு

நாளை ஏரல் சந்தை. காலையில் வண்டியைக் கழுவும்போது இருக்கைக்கு அடியில் கட்டையைக் காணோம். இனித் தேவையில்லைதான், இருந்தாலும் தேடினேன். வீட்டுக் கொட்டகையில் இல்லை. அடுக்களைக்குப் போய்க் கேட்டேன். விட்டத்தில் தொங்கின கொட்டானை எடுத்து மடியில் வைத்து, விட்ட இடத்திலிருந்து முடைந்துகொண்டிருந்தாள். அடுப்பில் சோறு கொதித்தது.

"கட்டையா?" என்று அடுப்பைக் காட்டினாள். நார்க்கயிற்றோடு உள்ளே கிடந்தது. "உடைமரக் கட்டைல்லா. நல்லா நின்னு எரியுது."